வரி வாங்க மாட்டோம் என்று சொன்ன கொடைக் கமிட்டிக்கு

கமிட்டித் தலைவர் பெரியப்பாவுக்கும், பொருளாளர் மாமாவுக்கும், மற்ற அண்ணாச்சிமாருக்கும்,

மாசிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கோயில் மைக்கில் நீங்கள் வாசித்த தீர்மானத்தை, வீட்டு நடையில் பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். "குடியை விடச் சிகிச்சைக்குப் போய் வந்து, மறுபடியும் குடிக்கிறவன் வீட்டில் இந்தக் கொடை முதல் தலைக்கட்டு வரி வாங்குவதில்லை." பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நம் ஊரில் சிகிச்சைக்குப் போய் வந்தவன் என் தம்பி ஒருத்தன்தான்.

இதை வாசிக்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வரி வாங்காவிட்டால் பணம் மிச்சம்தானே என்று நினைக்க வேண்டாம். கொடை என்றால் எங்கள் கோயில் திருவிழா. அதற்குத் தலைக்கட்டுக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி. அந்த வரி கொடுக்காத வீடு எங்கள் பக்கத்தில் இல்லாத வீட்டுக்குச் சமம். அந்த வீட்டுப் பெண் கோயில் முன்னால் பொங்கல் வைக்க முடியாது. படைப்பில் பங்கு வராது. சாமியாடி தெருச்சுற்றி வரும்போது அந்த வாசலில் நின்று திருநீறு கொடுக்க மாட்டார். நாளைக்கு அங்கே ஒரு துஷ்டி, அதாவது சாவு, விழுந்தால் எத்தனை பேர் வந்து எட்டிப் பார்ப்பார்கள் என்பதும் சந்தேகம்தான். ஊர்ப் பெயரை நான் எழுதப் போவதில்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

உங்களை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைப்பது என் எண்ணம் இல்லை. நேரில்தான் முதலில் வந்தேன். "கூட்டத்தில் பொம்பளைக்கு என்ன சோலி" என்று கோயில் திண்ணையிலேயே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

தீர்மானத்தை இன்னொரு தரம் வாசித்துப் பாருங்கள். தினமும் சாயங்காலம் மெயின் ரோட்டுக் கடைக்குப் போய்விட்டு, வாய்க்கால் மதகில் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு வருகிறவர்கள் நம் மூன்று தெருவிலும் எத்தனை பேர் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் வரி வாங்குகிறீர்கள். அவர்கள் ஒருநாளும் சிகிச்சைக்குப் போனதில்லை, அதனால் உங்கள் தீர்மானம் அவர்களைத் தொடாது. போனவனைத்தான் தொடும். குடியை விட ஒரு தடவைகூட முயற்சி செய்யாதவன் ஊர்க்காரன். பதினாலு மாதம் விட்டிருந்து இரண்டு நாள் சறுக்கினவன் ஊருக்கு ஆகாதவன். இது என்ன கணக்கு பெரியப்பா?

அவன் குடித்தது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. அவனேதான் வந்து சொன்னான்.

தை மாதம் வடக்குத்தெருவில் ஒரு துஷ்டி. அவனோடு சாரத்தில் நின்று வேலை பார்க்கிற கொத்தனாரின் அப்பா. சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பிய ஆண்கள் தென்னந்தோப்பில் உட்கார்ந்தார்கள். துஷ்டி வீட்டுக்குப் போனவர்களுக்குப் பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக் கொடுப்பது நம் ஊரில் முறை மாதிரியே ஆகிவிட்டது. "ஒரு வாய் குடிலே, துக்கத்துக்குக் குடிச்சா ஒண்ணும் செய்யாது" என்று அவன் கையில் டம்ளரைத் திணித்தவர் யார் என்பதை நான் எழுத மாட்டேன். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் அவரும் இருந்தார் என்று மட்டும் எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி பதினோரு மணி இருக்கும். முற்றத்தில் வந்து நின்றான். படி ஏறவில்லை. "யக்கா, குடிச்சிட்டேன்" என்றான். பத்து வருடம் குடித்தவன் அவன். அந்தப் பத்து வருடத்தில் ஒரு நாள்கூட இந்த வார்த்தை அவன் வாயில் வந்ததில்லை. மூச்சில் வாடை அடிக்கும்போதே இல்லை என்பான். சட்டையில் வாந்தி காய்ந்திருக்கும், அப்போதும் இல்லை என்பான். குடித்ததைக் குடித்தேன் என்று அவன் சொன்ன முதல் ராத்திரி அதுதான். ஆஸ்பத்திரியில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது அது: சறுக்கினால் மறைக்காதே, நம்புகிற ஒரு ஆளிடம் அன்றைக்கே சொல். நான் கத்தினேன், அழுதேன், அதை மறைக்கவில்லை. அப்புறம் அவனை உட்கார வைத்து மோர் கொடுத்தேன்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்ததும் போய்விட்டான். அன்றைக்கும் குடித்தான். இதையும் நான்தான் சொல்கிறேன், நீங்களாகக் கண்டுபிடித்ததில்லை. மூன்றாம் நாள் காலையில் நானும் அவன் பெண்டாட்டியும் முதல் பஸ்ஸில் அவனை ஏற்றி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனோம். திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவன் நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனான். சாமி முன்னால் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்திருந்தான் அல்லவா, அது தவறிவிட்டது, அதைச் சொல்லாமல் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது என்று. அவன் மனசறிந்து சொன்னதை எடுத்துத்தான் அவன் மேல் தீர்மானம் போட்டீர்கள்.

இனி நம் ஊரில் யார் சொல்வான்?

எனக்கு இந்தத் தீர்மானத்தில் உள்ள பெரிய பயம் இதுதான். வரி போகட்டும், பொங்கல் போகட்டும். அடுத்த வருடம் இன்னொரு பையன் குடியை விட நினைத்தால், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் இதை யோசிப்பான். போனால்தானே சறுக்கினான் என்று பெயர் வரும், போகாமல் குடித்தால் எந்தத் தண்டனையும் இல்லையே என்று நினைப்பான். போய் வந்தவனும் ஒரு டம்ளர் குடித்துவிட்டால் யாரிடமும் வாய் திறக்க மாட்டான். டாக்டர் எங்களுக்குச் சொன்னது இது: முதல் டம்ளர் ஒரு சறுக்கல். அதற்குப் பின்னால் "எல்லாம் போச்சு, இனி விட்டு என்ன, விடாமல் என்ன" என்று ஒரு நினைப்பு வரும். முழுசாக விழுவது அந்த நினைப்பில்தான். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள் என்றுகூட அவர் வாக்குக் கொடுக்கவில்லை. ஆள் இல்லாவிட்டால் கஷ்டம் என்று மட்டும் சொன்னார். "எல்லாம் போச்சு" என்று அவன் மனசு சொல்வதையே நீங்கள் மைக் வைத்துச் சொல்லிவிட்டீர்கள்.

மறுபடி குடிப்பது இந்த நோயில் அபூர்வம் இல்லை. அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம், சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் வரை மறுபடி சறுக்குகிறார்கள் என்கிறது. ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் பத்தியம் தவறி மறுபடி படுத்துக்கொள்கிறார்களே, அந்தக் கணக்கும் இதற்குக் குறைந்ததில்லை. பொருளாளர் மாமா கோபித்துக்கொள்ளக் கூடாது. போன தீபாவளிக்கு அடுத்த நாள் சர்க்கரை ஏறி உங்களை ஆட்டோவில் தூக்கிப் போனோம். அதிரசம் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. நானும் கஞ்சி கொண்டு வந்தேன்.

சரி, இரண்டும் ஒன்றில்லை என்று சொல்வீர்கள். ஒத்துக்கொள்கிறேன். சர்க்கரைக்காரர் பெண்டாட்டியின் கம்மலை அடகு வைப்பதில்லை. என் தம்பி வைத்தான். பிள்ளையின் பள்ளிக்கூடப் பணத்தை எடுத்தான். ஒரு தடவை அவன் பெண்டாட்டி மேல், அதாவது மைனி மேல், கை ஓங்கினான். நான் நடுவில் விழுந்து என் தோளில் பட்டது. மழைக்கு இன்னும் அந்த இடம் வலிக்கும். இதெல்லாம் நோய், அதனால் மன்னித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அடித்தவனை அடித்ததற்காகக் கேளுங்கள், போலீசுக்குப் போங்கள், முன்னால் நான் வருகிறேன். அவன் அடித்த வருடங்களில் ஏன் எந்தக் கூட்டமும் போடவில்லை என்பதுதான் என் கேள்வி. அப்போது "புருசன் பெண்டாட்டி சங்கதி" என்றீர்கள். இப்போது யாரையும் அடிக்காமல், தானே வந்து தப்பை ஒத்துக்கொண்டவன் மேல் தீர்மானம்.

இந்த ஊர் அவனைத் திருத்த ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். செய்தது. என்ன செய்தது என்று நினைவுபடுத்துகிறேன்.

2020 மார்ச் 24 சாயங்காலம் ஊரடங்குக்காக எல்லாக் கடையையும் சாத்தினார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம், விட்டது சனியன் என்று. மறுநாள் அவனுக்குக் கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரைப் பார்த்துக் கத்தினான். பூரான் ஓடுகிறது, அடியுங்கள் அடியுங்கள் என்று. வெறும் சுவர். செத்துப்போன எங்கள் அப்பா நிலைப்படியில் நிற்கிறார் என்றான். நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். பேய் பிடித்திருக்கிறது என்று முடிவானது. வேப்பமரத்தில் கட்டக் கயிறு வந்தது. நான்தான் 108க்குப் போன் போட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "கடைசியா என்னைக்குக் குடிச்சார்?" ஊரில் அத்தனை பேர் கூடி நின்றோமே, அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நான் உட்பட. வருடக்கணக்காக நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் இப்படிப் புத்தி தடுமாறலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மரத்தில் கட்டியிருந்தால் என் தம்பி மரத்திலேயே போயிருப்பான். 2001இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தீயில் செத்தார்கள். அதற்கப்புறமும் நாம் கயிற்றை விடவில்லை.

அந்த மே மாதம் கடை திறந்த அன்றைக்கு வரிசையில் நின்றான். யாருக்கு ஆச்சரியம்?

அதற்கடுத்த வருடம் மருந்துப் பொட்டலம். "அவருக்குத் தெரியாமலே குடியை மறக்க வைக்கலாம்" என்று பஸ் ஸ்டாப் சுவரில் ஒட்டியிருப்பார்களே, அந்த மருந்து. நல்லெண்ணத்தில்தான் ஒரு அண்ணாச்சி வாங்கி மைனி கையில் கொடுத்தார். அவளும் புளிக்குழம்பில் கலந்துவிட்டாள். சாயங்காலம் அவன் குடித்துவிட்டு வந்தபோது முகம் செங்கல் மாதிரி சிவந்துபோய், நெஞ்சு படபடவென்று அடித்து, வாந்தி எடுத்து, வாசலிலேயே சுருண்டுவிட்டான். பொட்டலத்தில் பெயர் கிடையாது. டைசல்பிராமாக இருக்கும், அதைச் சாப்பிட்டவன் குடித்தால் உடம்பு இப்படித்தான் ஒத்துக்கொள்ளாமல் போகும் என்றார் டாக்டர். அந்த மாத்திரை கெட்டதில்லை. சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்து, டாக்டர் பார்வையில் சாப்பிட வேண்டியது. தெரியாமல் கொடுத்தால் ஆளே போகக்கூடும்.

அப்புறம் குடியை விட வைக்கிற ஒரு சென்டர். பெயரும் ஊரும் வேண்டாம். கம்மலுக்குப் பின்னால் மிச்சம் இருந்த சங்கிலியும் அதில் போனது. மூன்று மாதம் மொட்டையடித்து, போன் இல்லாமல், பூட்டி வைத்தார்கள். வந்த அன்றே குடித்தான். பூட்டி வைத்த இடத்தில் குடிக்காமல் இருப்பதில் என்ன இருக்கிறது? சனிக்கிழமைச் சம்பளமும் மெயின் ரோடும் இங்கேதானே இருக்கின்றன.

எது வேலை செய்தது என்று கேட்டால், ஒரு கேள்விதான். ஹைகிரவுண்டில் ஒரு டாக்டர் குடியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "தூக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவன் அழ ஆரம்பித்தான். முதல் குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் தவறியது உங்களுக்கு நினைவிருக்கும். குழி தோண்டியது அவன்தான். அதற்கப்புறம் அவன் ஒரு ராத்திரிகூட ஒழுங்காகத் தூங்கவில்லையாம். எங்களுக்குத் தெரியாது. பெண் அழுதால் நாலு பேர் வந்து உட்காருவார்கள். ஆணுக்கு அன்றைக்கும் அதே பிளாஸ்டிக் டம்ளர்தான் கொடுத்தோம். மனச்சோர்வு ஒரு பக்கம், குடி ஒரு பக்கம், இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும், ஒன்றை விட்டு ஒன்றைப் பார்த்தால் நிற்காது என்றார் டாக்டர். மாத்திரை, மாதம் ஒரு தடவை கவுன்சிலிங், ஞாயிற்றுக்கிழமை ஏ.ஏ. கூட்டம், குடியை விட நினைக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் துணையாகக் கூடிப் பேசுவது. மேஸ்திரியிடம் நான் போய்ப் பேசி, சனிக்கிழமைச் சம்பளம் நேராக மைனி பேங்க் கணக்குக்குப் போகிறது. வேலை விட்டு மெயின் ரோடு வழியாக வராமல் கால்வாய்க்கரை வழியாக வருவான். ஒன்றரை மைல் சுற்று. கடைப் பலகை கண்ணில் படாது, அதற்காக.

தினமும் ராத்திரி நாள்காட்டித் தாளைக் கிழித்து ஒரு கம்பியில் குத்தி வைப்பான், கடைகளில் பில்லைக் குத்தி வைப்பார்களே, அது மாதிரி. அந்தத் துஷ்டி அன்றைக்கு 426 தாள் இருந்தது. சறுக்கின பின்பு அதை அடுப்பில் போடப் போனான். நாங்கள் பிடுங்கி வைத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டினோம். அவர் கம்பியோடு கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இந்த நாளெல்லாம் எங்கேயும் போய்விடவில்லை, இதற்கு மேலேயே குத்திக்கொண்டு போ என்றார். இன்றைக்கு அதன் மேல் இன்னும் 52 தாள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. 2017ஆம் வருடத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப்பொருளாலும் வருகிற மனநிலைக் கோளாறுகளை மனநோய் என்கிற கணக்கிலேயே சேர்த்திருக்கிறது. நோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் நான் சட்டம் பேச வரவில்லை, நம் சாமியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

வருடா வருடம் வில்லுப்பாட்டில் கேட்கிறோமே, சுடலையின் கதை. பார்வதியின் விளக்குச் சுடரில் பிறந்த பிள்ளை, ராத்திரியில் எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றான். உண்ணக் கூடாததை உண்டவனுக்குக் கயிலாயத்தில் இடமில்லை என்று பூமிக்கு அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவனுக்கு நம் ஊர் எல்லையில் பீடம் கட்டி, "எங்களைக் காப்பாத்தும்" என்று கும்பிடுகிறோம். அவருக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிறோம். தள்ளி வைக்கப்பட்டவன் சந்நிதியில் நின்றுகொண்டு இன்னொருத்தனைத் தள்ளி வைத்த அன்றைக்கு, சாமியாடி மாமா, உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

நான் மட்டும் சுத்தம் என்று சொல்லவில்லை. ஆயிரம் பீடி சுற்றினால்தான் என் வீட்டில் அன்றைக்கு உலை. தூள் வாடை என் சேலையை விட்டுப் போவதே இல்லை. நான் கட்டிக் கொடுக்கிற கட்டு யாரோ ஒருத்தன் நெஞ்சுக்குள் போகிறது, அவனாலும் அதை விட முடிவதில்லை. அதைத் தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவு. மாசித் தீர்மானத்தை வாபஸ் வாங்க வேண்டும். எந்த மைக்கில் வாசித்தீர்களோ அதே மைக்கில் வாபஸையும் வாசிக்க வேண்டும். கொடைப் பந்தலுக்குக் கால் நாட்டுகிற கால்நாட்டுக்கு முன்னால் என் தம்பி வீட்டு வரியை வாங்கி ரசீது போட வேண்டும். துஷ்டி வீட்டில் டம்ளர் வைக்கிற வழக்கத்தை ஊர்க்கட்டுப்பாடாக நிறுத்துங்கள். கட்டுப்பாடு போட உங்களுக்கு அதிகாரம் இருக்கிறதென்றால் அதை அங்கே காட்டுங்கள். போன கொடைக் கணக்கில் "இதர செலவு" என்று ஒரு தொகை எழுதியிருந்தீர்கள். அது பந்தல்காரனுக்கும் செண்டைக்காரனுக்கும் போனதில்லை, என்ன என்று எல்லாருக்கும் தெரியும். இந்த வருடம் வரிப்பணத்தில் பாட்டில் வாங்கக் கூடாது. சாமிக்குப் படைப்பதைப் பற்றி நான் பேசவில்லை. சாமி பெயரில் வாங்கி நீங்கள் குடிப்பதைப் பற்றிப் பேசுகிறேன். கொடை நோட்டீசின் கடைசியில் நன்கொடையாளர் பெயருக்குக் கீழே இரண்டு நம்பர் போடுங்கள். மனசு சரியில்லாதவர்கள் ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிட 14416, போதையை விட உதவிக்கு 14446. இரண்டுக்கும் காசு கிடையாது. அப்புறம், குடியைப் பற்றிக் கூட்டம் போட்டால் குடிக்கிறவன் வீட்டுப் பெண்களையும் கூப்பிடுங்கள். அந்த வீட்டுக்குள் நடப்பது எங்களுக்குத்தான் தெரியும்.

அவன் மறுபடி சறுக்க மாட்டான் என்று எழுதித் தரச் சொல்வீர்கள். என்னால் முடியாது, அவனாலும் முடியாது. சறுக்கினால் அன்றைக்கே சொல்லுவான். அதற்குத்தான் நான் ஜாமீன்.

கால்நாட்டுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. வரிப்பணத்தை மைனி மஞ்சள் பையில் எடுத்து வைத்துவிட்டாள், போன வாரம் பீடி போட்டு வாங்கின பணம். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பின்பு நாங்கள் இரண்டு பேரும் கோயில் திண்ணைக்கு வருவோம். மாமா, ரசீதுப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
கீழத்தெருவில் பீடி சுற்றுகிறவள்